நேரே இறக்குவதா, முகவரிடம் வாங்குவதா? கார் கேள்விகளுக்குப் பதில்கள்

வெள்ளவத்தை வாசகர்: ஐயா, டெஸ்லாவைப் போலத் தயாரிப்பாளரிடமே நேரே வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாதா?

முடியாது. அந்த வழி அமெரிக்காவிலேயே சில மாநிலங்களில் செல்லாது. டெக்சாஸில் டெஸ்லாவுக்குத் தொழிற்சாலையே உண்டு. ஆனாலும் தயாரிப்பாளர் நேரே விற்பதை அங்குள்ள சட்டம் தடுப்பதால், வாங்குபவர் இணையத்தில்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். நம் ஊரில் 'நேரே இறக்கினேன்' என்றால் பெரும்பாலும் ஜப்பான் ஏலத்தில் எடுத்த கார் என்றுதான் பொருள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: அண்ணா, தெரிந்தவர் ஒருவர் ஜப்பானிலிருந்து இறக்கித் தருகிறேன் என்கிறார். காட்சியறை விலையைவிடப் பல இலட்சம் குறைவு. நம்பலாமா?

தம்பி, விலையை விடுங்கள், முதலில் ஏலத் தாளை, அதாவது ஏலத்தில் காரைப் பரிசோதித்து எழுதிய அறிக்கையைக் கேளுங்கள். மேலே மதிப்பெண் இருக்கும்: 4.5, 4, 3.5 என்று. 'ஆர்' என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். கூடவே காரின் சிறிய படம் இருக்கும். அதில் 'ஏ' கீறல், 'யு' பள்ளம், 'டபிள்யு' திருத்திய தடம். கதவின்மேல் 'எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்தக் கதவே மாற்றப்பட்டிருக்கிறது.

என் மைத்துனருக்குக் காட்டிய தாளில் 4.5 இருந்தது. கார் வந்ததும் முன்கதவைத் திறந்து பார்த்தேன். கீல் திருகாணிகளின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தது. கதவைக் கழற்றி மாட்டியவர்கள் விட்டுச்சென்ற தடம் அது. சேசி எண்ணைக் கொடுத்து மூலத் தாளை எடுப்பித்தோம்: 'ஆர்'. அவர் பல ஆண்டுகள் சேர்த்த பணம். இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே மூலத் தாளை நீங்களே தனியாக எடுப்பியுங்கள். வங்கியில் எல்.சி., அதாவது விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், உங்கள் பெயரில் திறக்கப்படட்டும். முழுப் பணத்தையும் எவர் கையிலும் கொடுக்காதீர்கள்.

அதே வாசகர்: நேரே இறக்கினால் வரி குறையுமா?

குறையாது. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் உற்பத்தி வரியும், 18 சதவீத வற் வரியும் கார் நிறுவனத்தின் முகவருக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். மிச்சமாவது இடையில் நிற்பவரின் இலாபம் மட்டுமே.

தெஹிவளை வாசகி: மின்சாரக் கார் எடுக்க விரும்புகிறேன். எனக்கும் இதே ஆலோசனைதானா?

இல்லை, அக்கா. நீங்கள் முகவரிடமே வாங்குங்கள். பெட்ரோல் காரின் பம்பரும் விளக்கும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரு காலைப்பொழுதில் தேடி எடுத்துவிடலாம். பாட்டரி அப்படியன்று, அது பழுதானால் உத்தரவாதப் பத்திரம்தான் உங்களைக் காப்பாற்றும். நேரே இறக்கிய காருக்கு இங்குள்ள முகவர் பொறுப்பேற்பார் என்று எண்ணி வாங்காதீர்கள். பாட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீற்றர் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முற்பணம் கட்டுங்கள்.

வத்தளை வாசகர்: ஜப்பானில் இருந்து வந்த என் காரின் வானொலியில் நம் நிலையங்கள் பல எடுபடவில்லையே?

பழுதில்லை. ஜப்பானின் எஃப்.எம். அலைவரிசை 76இல் தொடங்குகிறது. பழைய கருவிகள் 90உடன் நின்றுவிடும். நம்முடையது 108 வரை போகிறது. நம் அலைவரிசையை அந்த வானொலிக்கு ஏற்ப மாற்றித் தர, ஏரியல் வயரில் பொருத்தும் சிறு கருவி ஒன்று கிடைக்கும். முழுத் தெளிவு வேண்டுமென்றால் வானொலியையே மாற்றுங்கள்.