வேப்பில் (இ-சிகரெட்டில்) எவ்வளவு, சிகரெட்டில் எவ்வளவு? நிக்கோட்டின் கேள்வி பதில்

அரசு மருந்தகத்தில் முப்பது வருஷம் மருந்து கொடுத்தவன் நான். கடைசிப் பத்து வருஷம் பீடி, சிகரெட், புகையிலையை விட வந்தவர்களோடுதான் அதிகம் பேசினேன். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: சார், நான் இழுக்கிற வேப்பின் பாட், அதாவது திரவம் அடைத்து மாட்டுகிற சின்னக் குப்பி, அதன் மேல் 2 மில்லி, 5% என்று போட்டிருக்கிறது. "அஞ்சு சதவீதம்தானேடா" என்கிறார்கள் ஹாஸ்டல் பசங்க. எத்தனை சிகரெட்டுக்குச் சமம் இது?

தம்பி, அந்த அஞ்சைப் பார்த்து ஏமாறாதே. 5% என்றால் ஒரு மில்லிக்குச் சுமார் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். உன் பாட் 2 மில்லி, ஆக 100 மில்லிகிராம்.

இப்போது சிகரெட்டுக்கு வா. ஒரு சிகரெட்டுக்குள் இருக்கும் புகையிலையில் 10 முதல் 12 மி.கி. நிக்கோட்டின் இருக்கும். அத்தனையும் உள்ளே போவதில்லை. கொஞ்சம் எரிந்து போகும், கொஞ்சம் விரலிடுக்கில் சும்மா புகைந்து காற்றோடு போகும், கொஞ்சம் பஞ்சிலும் கடைசித் துண்டிலும் தங்கிவிடும். ரத்தத்தில் சேர்வது 1 முதல் ஒன்றரை மி.கி. வரைதான். சிகரெட்டில் சேதாரம் அதிகம், வேப்பில் குறைவு. அதனால் இந்த இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது.

அமெரிக்காவில் ஜூல் என்ற வேப் வந்தபோது அதன் ஒரு பாட் 0.7 மில்லி, சுமார் 40 மி.கி. அதை 20 சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்குச் சமமாக அந்தக் கம்பெனியே சொன்னது. அதே கணக்கைப் போட்டால் உன் பாட் இரண்டு பாக்கெட்டைத் தாண்டுகிறது. நம்ம பெட்டிக்கடையில் விற்கிற பத்து சிகரெட் பாக்கெட் என்றால் நாலஞ்சு! கருவிக்குக் கருவி, இழுப்புக்கு இழுப்பு இது ஏறும், இறங்கும். ஆனால் "வெறும் அஞ்சு" இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிக்கு 20 மி.கி.க்கு மேல் விற்கவே கூடாது.

இன்னொன்றும் கவனி. சிகரெட் தானாக முடியும். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் பஞ்சுக்கிட்டே வந்து விரலைச் சுடும், கீழே போட்டுத்தான் ஆக வேண்டும். வேப்புக்கு அந்த முடிவு இல்லை. பஸ்ஸில் ரெண்டு இழுப்பு, பாத்ரூமில் நாலு, பாயில் படுத்தபடி ஆறு என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் இழுப்பை எண்ணாதே. பாட் மாட்டின தேதியையும் தீர்ந்த தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி வை. உனக்குள் போகிற அளவு அதில் தெரியும்.

அதே மாணவர்: ஆனால் தொண்டையில் காரமே இல்லையே சார், சிகரெட்தானே கரகரக்கிறது?

கரகரக்காததுதான் ஆபத்து. சாதாரண நிக்கோட்டினை 50 மி.கி. அளவில் இழுத்தால் தொண்டை எரிந்து இருமி விடுவாய். அதற்காகத்தான் பென்சாயிக் அமிலம் மாதிரி ஒன்றைச் சேர்த்து நிக்கோட்டின் உப்பாக்குகிறார்கள். காரம் அடங்கிவிடும், அளவு அப்படியே இருக்கும். பழைய மாடல் வேப்களில் ரத்தத்துக்கு நிக்கோட்டின் மெதுவாகத்தான் ஏறியது. உப்புப் பாட் வந்த பிறகு அது சிகரெட்டின் வேகத்தை நெருங்கிவிட்டது. சிகரெட்டில் இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். பழக்கம் பிடிப்பதில் அளவு மாதிரியே வேகத்துக்கும் பங்கு உண்டு.

பாபநாசம், கல்லூரி மாணவி: என் அப்பாயி புகையேதும் பிடிப்பதில்லை. கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, கூடவே ஒரு கிள்ளு புகையிலை. அதிலும் நிக்கோட்டின் ஏறுமா?

ஏறும்மா, நன்றாகவே ஏறும். மேலே சொன்ன அமிலக் கதைக்கு நேர்மாறு இது. சுண்ணாம்பு காரத்தன்மை கொண்டது. அது பட்டதும் நிக்கோட்டின் கட்டவிழ்ந்து கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. சிகரெட் மாதிரி சட்டென்று ஏறாது, மெதுவாக ஏறி ரொம்ப நேரம் நிற்கும். அதனால்தான் அப்பாயிக்கு வாயில் அது இல்லாவிட்டால் வேலை ஓடாது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் கூட்டிப் போ. புகையிலையும் பாக்கும் வாய்ப் புற்றுநோய் தருபவை. சீவல் பாக்குதான், மறக்காதே.

கூத்தாநல்லூர், இல்லத்தரசி: சார், வெளிநாட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சிகரெட்டுக்குப் பதில் வேப் பிடிக்கிறார். "இது வெறும் ஆவி" என்கிறார். வீட்டில் ஒன்றரை வயசுப் பிள்ளை இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

உண்மையை உண்மையாகவே சொல்கிறேன் தங்கச்சி. சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான். வேப்பில் எதுவும் எரியாததால் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய இல்லை, மற்ற நச்சுகளும் பல மடங்கு குறைவு. சிகரெட்டை அடியோடு விட்டுவிட்டு இதற்கு வந்திருந்தால் அவர் நுரையீரலுக்குப் போகும் நஞ்சு குறைந்திருக்கிறது. ஆனால் வெறும் ஆவி இல்லை. நிக்கோட்டினும் நுண்துகள்களும் அதில் உண்டு, பல வருஷப் பழக்கம் உடம்பை என்ன செய்யும் என்று பார்க்க இன்னும் காலம் போதவில்லை.

நிக்கோட்டின் மட்டும் குறையவில்லை. 2019-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு ஆய்வில், வேப் கொடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை கொடுத்தவர்களில் 9.9 சதவீதம். வேப் ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் அப்படி விட்டவர்களில் 80 சதவீதம் பேர் கையில் அப்போதும் வேப் இருந்தது. கம், பட்டை குழுவில் அப்படி மருந்தை விடாதவர்கள் 9 சதவீதம்தான். அந்த ஆய்விலும் பக்கத்தில் ஆலோசகர் இருந்தார், சட்டப்படி விற்கும் திரவம் இருந்தது. இங்கே இரண்டும் இல்லை. தமிழ்நாடு 2018-லேயே இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019-ல் மத்திய சட்டமே வந்தது. விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். திருட்டுத்தனமாக வரும் பாட்டிலில் எழுதியிருப்பதை யாரும் சோதிப்பதில்லை.

நாள் முழுக்க வேப், கல்யாணம் காதுகுத்து என்றால் ரெண்டு சிகரெட் என்று ஓடுகிறதா என்றும் கேளுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் லாபம் பெரிதாக இல்லை.

பிள்ளை விஷயத்தை இன்றைக்கே முடியுங்கள். பழ வாசனை அடிக்கிற திரவத்தைக் குழந்தை வாயில் வைக்காமல் இருக்காது. சில மில்லி உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. பூட்டுப் போட்ட அலமாரியில் வையுங்கள். விழுங்கிவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: பீடி சின்னதுதானே அண்ணே, புகையிலையும் கம்மிதானே?

புகையிலை கம்மிதான். உள்ளே போவது கம்மி இல்லை. பீடி இலை காற்று விடாது, இழுக்காமல் வைத்தால் அணைந்துவிடும். என் அப்பா முறைத் தண்ணி பாய்ச்சும் ராத்திரிகளில் வரப்பில் குந்தி, மடையைப் பார்த்தபடியே அதை அணையவிடாமல் இழுத்துக்கொண்டிருப்பார். இருட்டில் அந்தச் சிவப்புப் பொட்டு மூச்சுக்கு ஒருதரம் மின்னும். அப்படி அடிக்கடி, அழுத்தி இழுப்பதால் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் போகிறது. "லைட்" சிகரெட்டும் அப்படித்தான். பஞ்சில் கம்பெனிக்காரன் ஓட்டை போட்டிருப்பான், பிடிப்பவர் இன்னும் ஆழமாக இழுத்துச் சரிக்கட்டிவிடுவார்.

வேதாரண்யம், கூலித் தொழிலாளி: புகையிலை ஒடிக்கப் போன அன்றைக்கு வாந்தியும் தலைச்சுற்றலும். நான் வாயில் எதுவும் போடவில்லை.

தோல் வழியாகப் போயிருக்கிறது. பச்சை இலை பனியில் நனைந்திருந்தால் நிக்கோட்டின் ஈரத்தில் கரைந்து கையில் இறங்கும். பனி காய்ந்தபின் போங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை போடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கும்பகோணம், கடை நடத்துபவர்: சிகரெட்டை விட்டு பத்து நாள். அதே டிகிரி காப்பி, அதே நாலு டம்ளர். ஆனால் இப்போது நெஞ்சு படபடக்கிறது, தூக்கமில்லை.

முதலில், பத்து நாள் தாண்டினீர்களே, அது பெரிய காரியம். சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு காபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். நிக்கோட்டின் அதைச் செய்வதில்லை, புகைதான் செய்கிறது. புகை நின்றதும் கல்லீரல் பழைய நிதானத்துக்கு வந்துவிட்டது, அதே காப்பி இப்போது ரத்தத்தில் அதிக நேரம் நிற்கிறது. நாலை இரண்டாக்குங்கள், சாயந்திரத்துக்குப் பிறகு வேண்டாம். படபடப்பு அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் காத்திருக்காமல் இப்போதே சொல்லுங்கள், அந்த அளவையும் மாற்ற வேண்டிவரும்.

நாகப்பட்டினம், மீனவர்: நிக்கோட்டின் கம் வாங்கினேன். தொண்டை எரிந்து விக்கல் வந்ததும் தூக்கி எறிந்துவிட்டேன்.

பபிள்கம் மாதிரி மென்றிருப்பீர்கள். மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். மிளகைக் கடித்த மாதிரி சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படி. எச்சிலோடு விழுங்கினால்தான் விக்கல். டீ, காப்பி, ஜூஸ் குடித்த கால் மணிக்குள் போடாதீர்கள், அந்தப் புளிப்பில் கன்னம் நிக்கோட்டினை எடுக்காது. 2 மி.கி. கம்மில் பாதிதான் உள்ளே போகும், அதுவும் நிதானமாக.

மன்னார்குடி மாணவர், மறுபடியும்: எழுதிப் பார்த்தேன் சார். மூணு நாளில் ஒரு பாட். காலையில் கண் திறக்கும் முன்னாடியே கை தலையணைக்கு அடியில் போகிறது. எங்கே ஆரம்பிப்பது?

எழுந்த அரை மணிக்குள் தேடினால் பிடிப்பு பலமானது என்று அர்த்தம். உன் தவறு என்று நினைக்காதே, அது அந்தப் பொருளின் குணம். விட்ட முதல் ரெண்டு மூணு நாள்தான் மோசம். எரிச்சல், கவனமின்மை, பசி எல்லாம் வரும். ரெண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். அந்த முதல் நாள்களைப் பரீட்சையில்லாத வாரத்தில் வை. 1800-112-356 என்ற அரசு எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம், கம்மா பட்டையா, எவ்வளவு என்று அவர்களிடம் கேட்டுக்கொள். இன்று ராத்திரி வேப்பைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் ரூம்மேட் பெட்டியில் போட்டுப் பூட்டச் சொல். அடுத்த பாட் தீர்ந்த தேதியை எனக்கு எழுது.