கேமராவில் நாளும் நேரமும் அழிவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: ஓராண்டாக அலமாரியில் இருந்த நிக்கான் டி90 கேமராவை எடுத்தேன். பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து போட்டும், கழற்றி மாட்டினால் நாளும் நேரமும் அழிந்துவிடுகின்றன. புதிய பேட்டரி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கேமராவின் கடிகாரம், நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு ஓடுகிறது. பெரிய பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதை ஓட வைப்பது உள்ளே தனியாக இருக்கும் ஒரு சிறு மின்கலம். டி90இல் அந்த மின்கலம் பெரிய பேட்டரியிலிருந்தே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். இரண்டு நாள் ஏறினால் ஏறத்தாழ மூன்று மாதம் தாங்கும் என்கிறது நிக்கானின் கையேடு. ஓராண்டில் அது வற்றியிருக்கும். சில நிமிடங்களில் அதில் எதுவும் ஏறாது. ஆகவே, முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டு, நேரத்தை அமைத்து, பேட்டரியை ஒரு மணி நேரம் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நேரம் அழிந்தால் சிறு மின்கலத்தின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். அதை சர்வீஸ் மையத்தில்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: கேனான் 5டி, முதல் மாடல். இரண்டு நாள் வைத்தும் பயனில்லை.

பதில்: உங்கள் கேமராவில் இருப்பது சார்ஜ் ஏறாத சிஆர்2016 பட்டன் செல், அதை நீங்களே மாற்றலாம். கேனானின் பவர்ஷாட் ஏ620 போன்றவற்றில் சிஆர்1220. புதிய செல்லை உலர்ந்த துணியால் துடைத்து, விளிம்பைப் பிடித்துப் பொருத்துங்கள். கழற்றிய செல்லைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கிய செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அதை அரித்துவிடக்கூடும்.

கேள்வி: பானசோனிக் லூமிக்ஸிலும் இதே தொல்லை.

பதில்: முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியுடன் 24 மணி நேரம் வையுங்கள்.

கேள்வி: என் சிறிய கேமராவை நானே திறந்து, உள்ளே இருக்கும் மின்கலத்துக்குப் பதிலாக ஒரு சிஆர் செல்லைப் பற்றவைக்கலாமா?

பதில்: கூடாது. ஃப்ளாஷுக்கான மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் இருக்கும்; பேட்டரியை எடுத்த பின்னும் அது தங்கியிருக்கும். மேலும், சார்ஜ் ஏறும் மின்கலம் இருந்த இடத்தில் சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர் செல்லை வைத்தால், சுற்று அதற்கும் சார்ஜ் ஏற்ற முயலும். செல் கசியலாம், வெடிக்கவும் செய்யலாம்.

மறுப்பு: ஐயா, பேட்டரியை உள்ளேயே வைக்கச் சொல்கிறீர்களே! நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் கழற்றிவிடச் சொல்லித்தானே கையேட்டிலேயே இருக்கிறது?

பதில்: இரண்டும் சரியே, காலம்தான் வேறு. நான் சொன்னது ஓரிரு நாள் கணக்கு. மாதக்கணக்கில் உள்ளே விட்டால் லித்தியம் அயான் பேட்டரி சிறிது சிறிதாக வடிந்து, மீண்டும் சார்ஜ் ஏற்க முடியாத நிலைக்குப் போகலாம். அதைப் பாதியளவு சார்ஜில் குளிர்ந்த இடத்தில் தனியே வைப்பதே நல்லது.

மறுப்பு: அப்படியானால் கடிகாரம் மீண்டும் வற்றுமே? என் ஏஏ பேட்டரி கேமராவில் செல்களைக் கழற்றாமலே வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: இதுவரை ஆகவில்லை, அவ்வளவுதான். அல்கலைன் செல் கசிந்தால் வெளிவரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, செல்லைத் தொடும் உலோகத் தகடுகளை அரித்து வெள்ளைப் பொடியாகப் படியும். அழிந்த நேரத்தை இரண்டு நிமிடத்தில் மீண்டும் அமைக்கலாம். அரித்த தகட்டை மீட்க முடியாது. கடிகாரம் வற்றக் கூடாது என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் வைத்து எடுங்கள். இன்றே அந்த செல்களைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: நிக்கான் டி7000இல் நேரம் அழிகிறது. பேட்டரி புதியது.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கேமராவைத் திறக்காதீர்கள்.

கேள்வி: தவறான நாளுடன் எடுத்த திருமணப் படங்களை எப்படித் திருத்துவது?

பதில்: முதலில் படங்களை நகலெடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். தாலி கட்டியது போல உண்மையான நேரம் தெரிந்த ஒரு படத்தை எடுத்து, அதில் பதிவான நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளால் எல்லாப் படங்களையும் அதே அளவு நகர்த்துங்கள். இடையில் பேட்டரி மாற்றியபோது கடிகாரம் மீண்டும் தொடக்க நாளுக்குப் போயிருந்தால் ஒரே கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அப்போது படங்களைக் கோப்பு எண் வரிசையில் அடுக்குங்கள். நேரம் பின்னோக்கிக் குதிக்கும் இடத்தில் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியே வித்தியாசம் பாருங்கள்.