முழங்கையின் உட்புறம் ஒன்று, வெளிப்புறம் இன்னொன்று

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. கைக்குழந்தையிலிருந்தே எக்ஸிமா. மூன்று மாதமாகத் தலையிலும் முழங்கையிலும் தடித்த திட்டுகள். எக்ஸிமா முற்றிவிட்டது என்கிறார் ஒரு மருத்துவர். சொரியாசிஸ் என்கிறார் இன்னொருவர். இறாலும் கத்திரிக்காயும் கொடுத்ததால்தான் என்கிறார் மாமியார். பயந்துபோய் நீச்சல் வகுப்பையும் நிறுத்திவிட்டேன்.
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இரண்டு மருத்துவர்களும் சரியாக இருக்கலாம். எக்ஸிமாவும் சொரியாசிஸும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்து வருவது அபூர்வம் என்றுதான் நாங்கள் படித்தோம். ஆனால் வருகிறது.

இன்று குளிப்பாட்டும்போது அவன் கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். மடிப்பின் உட்புறம் சொறிந்து சொறிந்து கறுத்து, எங்கே முடிகிறது என்றே தெரியாமல் இருந்தால் அது பெரும்பாலும் எக்ஸிமா. வெளிப்புறம், முட்டியின் மேல், கோடு போட்டதுபோல் விளிம்பும் வெள்ளைச் செதிலுமாக இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். காதுக்குப் பின்னால், தொப்புளுக்குள், அப்புறம் நகங்களையும் பாருங்கள். நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சின்னக் குழிகள் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும். இணையப் படங்களோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

மாமியார் சொல்வது பழைய ‘கரப்பான் பண்டம்’ கணக்கு, அதாவது தோல் அரிப்பைக் கிளப்பும் என்று ஒதுக்கும் உணவு. இறால் ஒவ்வாமை என்றால் பொதுவாகச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ உதட்டு வீக்கமோ வாந்தியோ வந்திருக்கும். அப்படி எதுவும் இல்லையா? கொடுங்கள். கத்திரிக்காய் பாவம், அதைக் குறை சொல்ல வேண்டாம். திட்டுகள் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தொண்டை வலி வந்ததா என்று யோசியுங்கள். பிள்ளைகளுக்குச் சொரியாசிஸைத் தூண்டிவிடுவதில் தொண்டைத் தொற்றுக்குப் பங்குண்டு.

எனக்குப் பயம் வேறு விஷயத்தில். எக்ஸிமா என்று மட்டும் நினைத்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து நிறுத்தினால் சொரியாசிஸ் சீறிக் கிளம்பலாம். ‘இயற்கை’ என்று சொல்லி இணையத்தில் விற்கும் கிரீம்களும் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமே எச்சரித்திருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் களிம்புக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் அரை கிராம். விரல்களையும் சேர்த்து உங்கள் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு மண்டலே ரோட்டில் உள்ள தேசிய சரும நிலையத்துக்குப் போங்கள். படர்தாமரையா என்ற சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டிப் பார்ப்பார்கள். காலையில் மூட்டு விறைக்கிறது, விரல் வீங்குகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு கொப்புளமோ புண்ணோ கூட்டமாகக் கிளம்பினால் அன்றே அவசரப் பிரிவு.

நீச்சலுக்கு அனுப்புங்கள். இரண்டு நோயும் ஒட்டாது. தோல் வெடித்துக் கசியும் நாளில் மட்டும் வேண்டாம். கரையேறியதும் குளோரின் போகக் குளிக்கவைத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள்.