கல்பாத்தியில் பழைய வீடு: 85 லட்சத்துக்கு வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் நூறு வருஷப் பழைய வீடு ஒன்று 85 லட்சத்துக்கு வருகிறது. அண்ணன் தம்பிகள் மூவரின் குடும்பச் சொத்து. மூன்று போர்ஷனிலும் குடியிருப்பவர்கள் உண்டு; மொத்த வாடகை மாதம் 22,000. என்னிடம் 40 லட்சம் இருக்கிறது. 50 லட்சம் கடன் வாங்கி, வாடகையில் தவணை கட்டி, மூன்று வருஷத்தில் ரிட்டயர் ஆனதும் அங்கேயே குடிபோகலாமா?

பதில்: தேர் ஓடும் தெருவில் வீடு வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் இந்தக் கணக்கில் வாங்காதீர்கள்.

கேரளத்தில் முத்திரைக் கட்டணம் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதுவே எட்டரை லட்சம். ஓடு ஒன்றைக்கூட மாற்றுவதற்கு முன்பே மூன்றரை லட்சம் துண்டு விழுகிறது. எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்குத் தவணை சுமார் 43,400 வரும். வாடகை அதில் பாதிக்குத்தான் காணும். ரிட்டயர் ஆன பிறகு மீதியை எதிலிருந்து கட்டுவீர்கள்?

குடியிருப்பவர்கள் விஷயம் இன்னும் முக்கியம். 1965-ம் வருஷத்துக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டை விலைக்கு வாங்கியவர் ‘எனக்கே குடியிருக்க வேண்டும்’ என்று கேட்டு மனுப் போடவே ஆதாரம் (கிரயப் பத்திரம்) பதிந்து ஒரு வருஷம் ஆக வேண்டும். அதற்கப்புறமும் தேவை உண்மையானது என்று காட்ட வேண்டும். மூன்று குடும்பம் என்றால் மூன்று வழக்கு ஆகலாம். காலி செய்து தருவது விற்பவர்களின் பொறுப்பாக இருக்கட்டும்.

அடுத்தது, யாருடைய வீடு இது? கேரளத்தில் இந்துக் கூட்டுக்குடும்ப முறை 1976 டிசம்பர் 1-ல் சட்டப்படி முடிந்துவிட்டது. அன்றைக்குப் பங்காளிகளாக இருந்தவர்களின் பங்கு தனித்தனியாகிவிட்டது. மூத்தவர் ஒருவர் எல்லாருக்குமாகக் கையெழுத்துப் போட முடியாது. காலமானவர்களின் வாரிசுகள், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட, எல்லாரும் வர வேண்டும். முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), பாகபத்திரம், வில்லங்கச் சான்று, கரம் (நிலவரி) ரசீது எல்லாவற்றையும் பாலக்காட்டு வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். பங்காளிகளில் யாராவது வெளிநாட்டில் குடியேறியிருந்தால் ஆடிட்டரையும் பாருங்கள். விலையில் நீங்கள் பிடித்துக் கட்டும் வழக்கமான 1 சதவீத வரி அவர் பங்குக்குப் போதாது. குறைத்துப் பிடித்தால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும்.

வீட்டைப் பகலில், ஒரு நல்ல ஆசாரியோடு போய்ப் பாருங்கள். வரிசை வீடு என்பதால் பக்கத்துச் சுவர் இரு வீட்டுக்கும் பொது. உத்தரத்தின் நுனி அந்தச் சுவருக்குள் புகும் இடத்தை உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் தேக்கு கல்லாட்டம் இருக்கும், நுனியில் ஈரம் ஏறிக் கரையான் தின்றிருக்கும். அதை மாற்ற அடுத்த வீட்டாரின் சம்மதம் வேண்டும். கல்பாத்தி பாரம்பரியப் பகுதி என்பதால் முகப்பை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. அனுமதிக்கு நகராட்சியோடு பாரம்பரிய ஆணையமும் உண்டு. அந்தக் கட்டுப்பாடு இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். அதனால்தான் அந்தத் தெரு இன்னும் தெருவாக இருக்கிறது.

என் யோசனை: தவணை உங்கள் பென்ஷனுக்குள் அடங்கும் அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். மராமத்துக்கென்று பத்து லட்சமாவது தனியாக எடுத்து வையுங்கள். கையிலிருப்பதும் அந்தக் கடனும் சேர்ந்ததில் மராமத்தும் பதிவுச் செலவும் போக மிச்சம் எவ்வளவோ, அந்த விலைக்குக் கேளுங்கள். சரி என்றால் கரார் (விற்பனை ஒப்பந்தம்) எழுதலாம். மூன்று போர்ஷனும் காலியான பிறகே ஆதாரம், அதுவரை அட்வான்ஸ் இரண்டு லட்சத்துக்கு மேல் கிடையாது என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.