அக்கா பதில்கள்: பேரு போடாதீங்கன்னு சொல்லி வந்த கடிதங்கள்

இந்த இதழுக்கு வேற வேற கேள்விகள் எடுத்து வச்சிருந்தேன், ஆனா குடியப் பத்தி வந்த கடிதங்கள படிக்க ஆரம்பிச்சதும் மத்தத எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டேன். மனைவி, தங்கச்சி, படிக்கிற புள்ள, குடிக்கிறவங்களே கூட எழுதியிருக்கீங்க, எல்லாரும் கடைசி வரியில ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்கீங்க, பேர மட்டும் போட்டுடாதீங்க அக்கான்னு. போடல. ஆனா அந்த பயத்தப் பத்தி பதில்ல பேசத்தான் போறேன், ஏன்னா வெளிய தெரிஞ்சிடுமோங்கற அந்த பயம்தான் வைத்தியத்த வருஷக்கணக்கா தள்ளிப் போட வைக்குது.

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரர் பல வருஷமா குடிக்கிறார். டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கறார். குடிய நிறுத்துற மருந்து இருக்காம், ருசி இல்ல, வாசனை இல்ல, சாப்பாட்டுல கலந்து குடுத்தா தெரியாதுன்னு சொந்தக்காரங்க சொல்லி வாங்கியும் குடுத்துட்டாங்க. இன்னும் குடுக்கல. குடுக்கலாமா?

குடுக்காதீங்கம்மா. எடுத்து வச்சிட்டு இத முழுசா படிங்க.

பேரே இல்லாத பொடின்னா உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதோட கதை அங்கேயே முடிஞ்சுது. டைசல்ஃபிராம்ங்கற மாத்திரைன்னா அது நெஜமான மருந்துதான், குடிய நிறுத்த உதவும்னு 1940-கள்ல டென்மார்க்ல கண்டுபிடிச்சாங்க, குடற்புழுவுக்கு ஆகுமான்னு பாக்க ஆராய்ச்சி பண்ணவங்க தாங்களே முழுங்கிட்டு, அப்புறம் கொஞ்சம் குடிச்சதும் உடம்பு படாத பாடு பட்டுச்சு, அப்படித்தான் தெரிய வந்துச்சு. நாம குடிக்கிற ஆல்கஹால ஈரல் ரெண்டு கட்டமா உடைக்கும், மொதல்ல அசிட்டால்டிஹைடுன்னு ஒரு விஷமா மாத்தும், அடுத்து அத அசிட்டேட்டா மாத்தி வெளியேத்தும். இந்த மாத்திரை அந்த ரெண்டாவது கட்டத்த அடைச்சிடுது. அப்ப விஷம் உடம்புக்குள்ளயே தேங்கி முகம் செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் திடீர்னு இறங்கும், சிலருக்கு உயிரே போயிருக்கு. தெரிஞ்சு சாப்பிடுறவர் அந்த பயத்துல குடிக்க மாட்டார், மருந்து வேலை செய்யறதே அந்த பயத்த வச்சுத்தான். தெரியாதவர் வழக்கம்போல குடிப்பார், ரோட்டுல எங்கயோ விழுவார், தூக்கிட்டு வர்ற ஆளுக்கும் தெரியாது, பாக்குற டாக்டருக்கும் தெரியாது. கடைசி மாத்திரை சாப்பிட்டு ரெண்டு வாரம் வரைக்கும்கூட இந்த ஆபத்து இருக்கு, ஈரலையும் இதயத்தையும் டெஸ்ட் பண்ணாம குடுக்கவே கூடாத மருந்து இது. இன்னொண்ணு, ஒரு நாள் அவருக்கு தெரிய வரும்மா, அதுக்கப்புறம் நீங்க போடுற சாப்பாட்ட அவர் நம்ப மாட்டார், வைத்தியம்ங்கற பேச்சையே எடுக்க முடியாது.

வேற என்ன பண்றதுன்னா, அவர் குடிச்சிருக்கப்ப இதப் பேசாதீங்க, எவ்வளவு கோவம் வந்தாலும் சரி. காலையில தெளிவா இருக்கப்ப, புள்ளைங்க இல்லாதப்ப, ரெண்டே ரெண்டு நிமிஷம், நடந்த ஒரே ஒரு விஷயத்த மட்டும் சொல்லுங்க, "நேத்து நீங்க படியில விழுந்தத சின்னவ பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல, எனக்கு பயமா இருக்கு, டாக்டர ஒரு தடவ பாக்கலாம்". நீ இப்படி, உன் குடும்பமே இப்படின்னு ஆரம்பிச்சா அவர் வாதாட ஆரம்பிச்சிடுவார். குடிக்கு டாக்டர பாக்க வரமாட்டேன்னா தூக்கம் வரல, வயிறு எரியுதுன்னு அவரே சொல்ற தொந்தரவுக்கு கூட்டிட்டுப் போங்க, முன்னாடியே டாக்டர்கிட்ட நீங்க விஷயத்த சொல்லி வச்சிடுங்க. அதுக்கும் வரலன்னா நீங்க மட்டும் போங்க. குடும்பத்துக்கு மட்டும் பயிற்சி குடுத்து, அது வழியா குடிக்கிறவர வைத்தியத்துக்கு கொண்டு வர்ற முறை இருக்கு, நிறைய குடும்பங்கள்ல பலிச்சிருக்கு.

கேள்வி: பதினைஞ்சு வருஷ குடி, இப்ப காலையில எழுந்ததுமே வேணும். போன மாசம் வைராக்கியமா ஒரே நாள்ல நிறுத்துனேன். மறுநாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கமே இல்ல, அடுத்த ராத்திரி சுவத்துல பூச்சி ஊர்ற மாதிரி தெரிஞ்சுது. பயந்து குடிச்சிட்டேன், எல்லாம் நின்னுடுச்சு. எனக்கு மனசுல உறுதியே இல்லையா மேடம்?

உறுதி இருந்ததாலதான் தம்பி நிறுத்துனீங்க. நடந்தது மனசு சம்பந்தப்பட்டது இல்ல, மூளை சம்பந்தப்பட்டது. ஆல்கஹால் மூளைய மந்தமாக்குற பொருள், வருஷக்கணக்கா தினமும் அது உள்ள போனா மூளை அத சமாளிக்க தன் வேகத்த கூட்டிக்கிட்டே வரும், பிரேக்க அழுத்தி வச்சிருக்க வண்டியில ஆக்சிலேட்டரையும் சேத்து மிதிக்கிற மாதிரி. திடீர்னு பிரேக்க எடுத்தா வண்டி எப்படி பாயுமோ அதுதான் உங்களுக்கு நடந்துச்சு.

இது எப்ப எப்படி வரும்னு சொல்றேன், வீட்டுல இருக்கவங்களும் படிக்கணும். கடைசியா குடிச்ச ஆறு மணி நேரத்துலேர்ந்து நடுக்கம், வேர்வை, எரிச்சல் ஆரம்பிக்கும். மொத ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாவது நாள்லேர்ந்து நாலாவது நாளுக்குள்ள, எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு, இல்லாதது எல்லாம் தெரியும், தான் எங்க இருக்கோம்னே தெரியாது, ஜுரம் அடிக்கும், நெஞ்சு வேகமா அடிக்கும். டெலீரியம் ட்ரெமன்ஸ்னு பேரு, வைத்தியம் பாக்கலன்னா இதுல சாவு வரைக்கும் போகும். இத பேய் பிடிச்சிருக்கு, நடிக்கிறான், ரூம்ல போட்டு பூட்டுன்னு விடுற வீடுங்க இருக்கு, தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க, அது ஆஸ்பத்திரி கேஸ், உடனே தூக்கிட்டுப் போகணும்.

அதனால நீங்க அடுத்த தடவ தனியா, திடீர்னு நிறுத்தாதீங்க. முன்கூட்டியே டாக்டர்கிட்ட போய் தினமும் எவ்வளவு குடிக்கிறீங்க, காலையில குடிக்கிறது, பூச்சி தெரிஞ்சது எல்லாத்தையும் அப்படியே சொல்லுங்க, பாதி அளவு சொன்னீங்கன்னா பாதி மருந்துதான் கிடைக்கும். சில நாளைக்கு அந்த அதிர்ச்சிய அடக்குற மருந்து குடுத்து மெல்ல மெல்ல குறைச்சு நிறுத்துவாங்க, உங்க நிலைமைக்கு பெட்ல சேர்த்து பாக்குறதுதான் நல்லது. கூடவே தையமின்ங்கற பி1 வைட்டமின் குடுப்பாங்க, அத சத்து மாத்திரைதானேன்னு விட்டுடாதீங்க. ரொம்ப நாள் குடிக்கிறவங்க ஒழுங்கா சாப்பிடறதில்ல, சாப்பிட்டாலும் குடல் அத இழுத்துக்கறதில்ல, பி1 தீந்து போனா கண்ணு ஒரு மாதிரி ஆடும், நடை தள்ளாடும், குழப்பம் வரும், 1881-லயே கார்ல் வெர்னிக்கேன்னு ஒரு டாக்டர் இத எழுதி வச்சிருக்கார். அப்ப கவனிக்கலன்னா ஞாபகசக்தி நிரந்தரமா போயிடும், அஞ்சு நிமிஷம் முன்னாடி பேசுனது நிக்காது. அந்த நிலைமையில பி1-அ தாமதிக்காம ஊசியா போடணும்.

கேள்வி: நான் பீர் மட்டும்தான், அதுவும் வார கடைசியில மட்டும். அளவா குடிச்சா இதயத்துக்கு நல்லதுன்னு படிச்சேன். சரிதானே?

சரி இல்ல. 330 மில்லி சாதாரண பீர், 100 மில்லி ஒயின், 30 மில்லி பிராந்தி, மூணுலயும் ஏறக்குறைய 10-லேர்ந்து 13 கிராம் ஆல்கஹால்தான், ஈரலுக்கு பாட்டில் பேரு தெரியாது. வாரம் பூரா சும்மா இருந்துட்டு ஒரே ராத்திரியில ஆறு, ஏழுன்னு போறதும் தனி ஆபத்து. இதயத்துக்கு நல்லதுன்னு வந்த பழைய ஆய்வுகள் பலதுல குடிக்காதவங்கன்னு கணக்கு எடுத்த கூட்டத்துல, ஏற்கனவே உடம்பு கெட்டுப் போய் குடிய விட்டவங்களும் இருந்தாங்க, அவங்களோட ஒப்பிட்டா கொஞ்சமா குடிக்கிறவன் ஆரோக்கியமாத்தான் தெரிவான். ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும்னு 1988-லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மொத வகையில போட்டுடுச்சு, வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல்னு, பெருங்குடலும் பெண்களுக்கு மார்பகமும் பின்னாடி அந்த பட்டியல்ல சேந்துச்சு. 2023 ஜனவரியில, ஆபத்தே இல்லாத அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிடுச்சு. 2019-ல மட்டும் உலகத்துல சுமார் 26 லட்சம் பேர் குடியால செத்திருக்காங்கன்னு கணக்கு சொன்னதும் அவங்கதான்.

கேள்வி: குடிச்சிட்டு காபி குடிச்சு, குளிச்சிட்டு வண்டி ஓட்டுனா பரவாயில்லையா?

இல்லப்பா. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 7-லேர்ந்து 10 கிராம்தான் உடைக்கும், காபியோ பச்சத்தண்ணியோ அத வேகப்படுத்தாது. தூக்கம் கலையும், போதை அப்படியே இருக்கும். ராத்திரி நிறைய குடிச்சிருந்தா காலையில கூட ஓட்டாதீங்க.

கேள்வி: அக்கா, அவர் குடிச்சிட்டு எழுந்திரிக்க முடியாத நாள்ல ஆபீஸுக்கு போன் பண்ணி ஜுரம்னு சொல்றது நான்தான். கடன் கேட்டு வர்றவங்களுக்கு என் நகைய வித்து குடுத்தேன். இப்ப கொஞ்ச நாளா என்ன சந்தேகப்படறார், போன புடுங்கிப் பாக்குறார், ரெண்டு தடவ கை நீட்டிட்டார். வெளிய சொன்னா குடும்ப மானம் போயிடும். எவ்வளவு நாள் பொறுக்கறது?

தங்கச்சி, அடி விழுந்தாச்சுன்னா மொதல்ல உங்க உயிரும் புள்ளைங்க உயிரும்தான், மத்தது எல்லாம் அப்புறம். வருஷக்கணக்கா குடிக்கிறவங்க சிலருக்கு மனைவி மேல காரணமே இல்லாத சந்தேகம் ஒரு நோயாவே வரும், நீங்க எத்தன சத்தியம் பண்ணாலும், போன திறந்து காட்டுனாலும் அது தீராது, சில வீடுகள்ல கொலையில முடிஞ்சிருக்கு, பயமுறுத்தறதுக்காக சொல்லல. இது மனநல மருத்துவர் பாக்க வேண்டிய விஷயம். இன்னைக்கே உங்க சர்டிபிகேட், புள்ளைங்களோடது, கொஞ்சம் பணம், மாத்து துணி எல்லாத்தையும் நம்பிக்கையான ஒருத்தர் வீட்டுல வச்சிடுங்க. பக்கத்து வீட்டுல ஒருத்தருக்காவது விஷயம் தெரியணும், சத்தம் கேட்டா வந்து கதவு தட்டுங்கன்னு சொல்லி வைங்க. அவர் குடிச்சிட்டு வந்து சண்டைக்கு இழுத்தா யார் சொல்றது நியாயம்னு பேசிட்டு நிக்காதீங்க, புள்ளைங்கள கூட்டிட்டு வெளிய வந்துடுங்க. மறுபடி கை ஓங்குனா போலீஸுக்குப் போறதுக்கு யோசிக்காதீங்க.

ஆபீஸுக்கு பொய் சொல்றத நிறுத்துங்க. பாசத்துலதான் பண்றீங்க, எனக்கு புரியுது, வேலை போயிட்டா சோத்துக்கு என்னன்னு பயம். ஆனா கடன நீங்க அடைச்சு, லீவு நீங்க சொல்லி, வாந்திய நீங்க கழுவி விட்டுட்டு இருக்க வரைக்கும் குடியோட வலி பூரா உங்களுக்குத்தான் வருது, அவருக்கு எதுவுமே தெரியறதில்ல. அவர் லீவுக்கு அவரே போன் பண்ணட்டும். குடிக்கு வாங்குன கடன அவரே அடைக்கட்டும், உங்க பேருல எதுலயும் கையெழுத்து போடாதீங்க. மானம் போயிடும்னு சொல்றீங்க, அடி வாங்குனது நீங்க, குடிச்சது அவர், உங்க மானம் எப்படிம்மா போகும்? சொந்தத்துல நிதானமான ஒரே ஒருத்தர்கிட்டயாவது முழுசா சொல்லுங்க.

கேள்வி: நான் ஸ்கூல்ல கடைசி வருஷம் படிக்கிறேன் அக்கா. அப்பா தினமும் குடிச்சிட்டு வருவார். நான் மார்க் குறைஞ்சதாலதான் குடிக்கிறேன்னு சொல்றார். நானும் பெரியவனானா அவர மாதிரியே ஆயிடுவேனா?

கண்ணா, உன் மார்க்குக்கும் அவர் குடிக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. நீ முதல் மார்க் வாங்கியிருந்தா சந்தோஷம்னு குடிச்சிருப்பார். குடிக்கிறவர் மனசு எப்பவும் ஒரு காரணம் தேடும், பக்கத்துல இருக்கவங்க மேலதான் போடும், நீ அத தலையில ஏத்திக்காத.

ரெண்டாவது கேள்விக்கு மறைக்காம சொல்றேன். குடிநோய் வர்றதுல ஏறக்குறைய பாதி பரம்பரைன்னு ஆய்வுகள் சொல்லுது. அதனால மத்த பசங்கள விட உனக்கு ஆபத்து கொஞ்சம் கூடத்தான். ஆனா அது தலையெழுத்து இல்லப்பா, குடிக்கிறவங்க புள்ளைங்க நிறைய பேர் இந்த நோய் இல்லாமத்தான் வாழறாங்க. தொடாதவனுக்கு இந்த நோய் வரவே வராது, சின்ன வயசுல ஆரம்பிச்சாத்தான் ஆபத்து ரொம்ப ஜாஸ்தி. ஃப்ரெண்ட்ஸ் ஒரு தடவதானேன்னு நீட்டுனா உனக்கு அந்த ஒரு தடவயும் வேண்டாம். உன்னால அப்பாவ நிறுத்த வைக்க முடியாது, பாட்டில ஒளிக்கிறது, கீழ ஊத்தறது எல்லாம் பண்ணாத, அடிதான் விழும். சத்தமா இருக்க ராத்திரியில போய் படிக்க ஒரு வீடு பாத்து வை, டீச்சரோ மாமாவோ சித்தியோ ஒரு பெரியவங்ககிட்ட இத அப்படியே சொல்லு. குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னே 1951-லேர்ந்து அல்-அனான்னு ஒரு அமைப்பு இருக்கு, அதுலயே உன் வயசு பசங்களுக்கு அலட்டீன்னு தனியா 1957-ல ஆரம்பிச்சாங்க, பல நாட்டுல கூட்டம் நடக்குது, பேர வெளிய சொல்ல மாட்டாங்க. உன்ன மாதிரி ஒருத்தன் அங்க பேசறத கேட்டாலே உனக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும்.

கேள்வி: என் அண்ணன் வைத்தியம் எடுத்து எட்டு மாசம் குடிக்காம இருந்தார். போன வாரம் ஒரு விசேஷத்துல குடிச்சிட்டார், இப்ப தினமும் குடிக்கிறார். வீட்டுல எல்லாரும் கைய கழுவிட்டாங்க. செலவு பண்ணதெல்லாம் வீணா?

வீண் இல்லம்மா. அந்த எட்டு மாசத்துல அவர் ஈரல் எவ்வளவோ தேறியிருக்கும், ஈரல்ல கொழுப்பு படிஞ்ச நிலைன்னா நிறுத்துன சில வாரத்துலயே சரியாக ஆரம்பிச்சிடும். சிரோசிஸ் வந்து தழும்பு விழுந்துட்டாத்தான் திரும்பாது, அப்பவும் நிறுத்துனவங்க ஆயுசு கூடுது. பிரஷர், சுகர் மறுபடி ஏறுனா வைத்தியம் வீண்னு யாரும் சொல்றதில்ல, மாத்திரைய மாத்தறாங்க, இதுவும் அப்படிப்பட்ட நோய்தான், நிறைய பேருக்கு ஒரு தடவயில நிக்காது.

அவர திட்ட வேண்டாம், வெக்கத்துலயே ஏற்கனவே பாதி செத்திருப்பார், அந்த வெக்கம்தான் இன்னும் குடிக்க வைக்கும். அதே டாக்டர்கிட்ட இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க, ஒரு மாசம் போகட்டும்னு விட்டா நிறுத்தறப்ப வர்ற நடுக்கமும் வலிப்பும் போன தடவய விட மோசமா வரலாம், அதனால வீட்டுல அடைச்சு வச்சு நிறுத்த பாக்காதீங்க. குடிக்கணுங்கற வெறிய குறைக்க நால்ட்ரெக்ஸோன், நிறுத்துனது நீடிக்க அகாம்ப்ரோசேட்னு மாத்திரைகள் இருக்கு, ஈரல், கிட்னி டெஸ்ட் பாத்துட்டு எது ஒத்துக்கும்னு டாக்டர் சொல்வார், போன தடவ குடுத்தாங்களா, எப்ப விட்டார்னு கேளுங்க, நிறைய பேர் நல்லாயிட்டோம்னு மாத்திரைய விட்ட கொஞ்ச நாள்லதான் விழறாங்க. 1935-ல அமெரிக்காவுல ரெண்டு குடிநோயாளிங்க சேந்து ஆரம்பிச்ச ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இருக்க இடமா இருந்தா அதுக்கும் போகச் சொல்லுங்க, காசு கிடையாது.

இடையில ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், கண்ணு மஞ்சள், வயிறு வீக்கம், பேச்சு குழறி தூக்கக் கலக்கமாவே இருக்கறது, இதுல எது வந்தாலும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போங்க. உடம்பு வலிக்கு பாராசிட்டமால் கூட டாக்டர கேக்காம குடுக்காதீங்க. போறப்ப பழைய டிஸ்சார்ஜ் பேப்பர், சாப்பிட்ட மாத்திரை அட்டை, இந்த வாரம் தினமும் எவ்வளவு குடிச்சார்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, உள்ள டாக்டர்கிட்ட அண்ணனையே மொதல்ல பேச விடுங்க.