மாடிக்குப் போய் ஒரு அக்காவைக் கேள்

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் எங்கள் கிராமம். தருமபுரியில் பொறியியல் முதலாம் ஆண்டு சேர்ந்து விடுதியில் இருக்கிறேன். கைச்செலவுக்கு அப்பா மாதம் 1,000 ரூபாய் தருகிறார். டப்பா, ஸ்டாண்டு, ஷெல்ஃப் என்று வாங்கியே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. பழையதை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், அறைத் தோழிகள் கஞ்சம் என்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கூச்சத்தை முதலில் தள்ளிவை, மகளே. இரண்டு வாரம் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மூன்றாவது வாரம், “இந்தப் பெட்டி எங்கேடி கிடைத்தது?” என்று கேட்பார்கள். எங்கள் அறையில் அப்படித்தான் நடந்தது.

எதை வாங்கக் கிளம்பினாலும் கடைக்குப் போவதற்கு முன்னால் மாடிக்குப் போ. சீனியர் அக்காக்களிடம் இல்லாத சாமான் இல்லை. டிராஃப்டர் முதல் வருட டிராயிங் பாடத்தோடு சரி, அப்புறம் கட்டிலுக்கடியில் தூங்கும். லேப் கோட்டும் அப்படித்தான், துவைத்துப் போட்டால் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? இறுதியாண்டுக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது வாளி, மக், கொடிக்கயிறு, ஹேங்கர் என்று விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒரு அக்காவிடம் இப்போதே சொல்லிவை. நான்கு வருடம் கழித்து நீயும் யாருக்காவது விட்டுவிட்டுப் போகலாம்.

ஷெல்ஃபுக்குப் பழக்கடையில் ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியைக் கேள். சும்மாவோ சில்லறைக்கோ கொடுப்பார்கள். இரண்டு பெட்டியைப் படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புத்தகத்தைத் தாங்கும். கொண்டுவந்ததும் ஒருநாள் வெயிலில் போடு. நான் அப்படியே உள்ளே வைத்துவிட்டு, எறும்போடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தினேன்.

மெஸ்ஸில் காலியாகும் அரிசிச் சாக்கை அலசிக் காயவைத்து, பழைய சுடிதார் நாடாவை வாயில் கோர்த்துவிட்டால் அழுக்குத்துணிப் பை தயார். பிளஸ் டூ நோட்டுகளில் எழுதாத தாள்களைச் சேர்த்துத் தைத்தால் ஒரு செமஸ்டர் ரஃப் நோட்டுக்குக் காணும்.

ஆனால், எல்லாவற்றையும் சேர்க்காதே. “எதற்காவது ஆகும்” என்று நான் அடுக்கி வைத்த காலி பாட்டில்களுக்குப் பின்னால் கரப்பான் குடும்பம் பெருகி, மொத்த அறையும் என்மேல் கோபமாக இருந்தது. கட்டிலுக்கடியில் ஒரே ஒரு பெட்டி வைத்துக்கொள். அது நிரம்பினால் மிச்சம் பழைய பேப்பர் கடைக்கு.

இரண்டு இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒயர் தெரியும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை டேப் சுற்றி ஓட்டாதே. தண்ணீர் விற்கிற பிளாஸ்டிக் பாட்டிலை மாதக்கணக்கில் நிரப்பிக் குடிக்காதே. உபயோகித்தபின் நசுக்கிவிடச் சொல்லி அதிலேயே போட்டிருக்கும். குறுகிய வாய்க்குள் கை விட்டுத் தேய்க்கவும் முடியாது. வெந்நீர் ஊற்றவே கூடாது. பாதியாக வெட்டினால் பேனா போட்டுவைக்க ஆகும், அதோடு சரி.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். விடுதியில் ஒகேனக்கல் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்று வார்டனிடம் கேட்டுக் குடிக்க அதைப் பிடி. போர் தண்ணீர் துணிக்கு இருக்கட்டும்.

பிடித்து வைக்கப் பாத்திரமும் வாங்க வேண்டாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பரணில் தேடிப் பார். அம்மா கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்கு ஒன்றாவது கிடக்கும். பெயர் வெட்டியிருந்தால் இன்னும் நல்லது, விடுதியில் கை மாறாது.