கவுன்சலிங் போக முடிவு செய்துவிட்டோம்... யாரிடம் போவது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தம்பதி ஆலோசனை பற்றியவை. ‘போகலாமா, வேண்டாமா’ என்று கேட்டவர்கள் சிலர்தான். போவதென்று முடிவெடுத்துவிட்டு, யாரிடம் போவது, போனால் என்ன நடக்கும் என்று தெரியாமல் நிற்பவர்களே அதிகம். அவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசகரைக் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் போகாதீர்கள்.

இணையத்தில் எங்கள் பகுதியைப் போட்டுத் தேடினால் ஏகப்பட்ட பேர் வருகிறார்கள். மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர், லைஃப் கோச் என்று ஆளுக்கொரு பெயர். எல்லோருமே ‘திருமண ஆலோசனை’ என்று போட்டிருக்கிறார்கள். எப்படி வடிகட்டுவது?

பலகையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், தேவைப்பட்டால் மருந்து எழுதுவார். உளவியலாளரும் ஆலோசகரும் பெரும்பாலும் பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிறவர்கள். லைஃப் கோச் என்று போட்டுக்கொள்ளப் பல இடங்களில் எந்த உரிமமும் தேவையில்லை. ஆகவே முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதைக் கொடுத்த அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. உரிமம் உள்ள எல்லோரும் தம்பதிகளோடு வேலை செய்யப் பயின்றவர்கள் அல்ல. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அருமையாகச் சிகிச்சை தருகிறவர், ஒரே அறையில் இருவர் கத்திக்கொள்ளும்போது திணறிப்போகலாம். தனியாக வருகிறவரிடம் குறுக்கிடாமல் கேட்பது பெரிய பலம். தம்பதிகளிடமும் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் போடும் சண்டையை இங்கே காசு கொடுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள்.

அதனால் நேரம் வாங்குவதற்கு முன் போனில் பேசுங்கள். ‘உங்களிடம் வருகிறவர்களில் தம்பதிகள் எவ்வளவு பேர் இருப்பார்கள்?’ என்று கேளுங்கள். ‘எப்போதாவது வருவார்கள்’ என்றால் அடுத்த பெயருக்குப் போங்கள். பிறகு, எந்த முறையில் வேலை செய்கிறார், அதில் எவ்வளவு பயிற்சி என்று கேளுங்கள். தம்பதிகளுக்கென்றே உருவாகி, ஆராய்ச்சியில் சோதிக்கப்பட்ட முறைகள் சில உண்டு. சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்கும் 1980களில் உருவாக்கிய இ.எஃப்.டி. (உணர்வுகளை மையமாக வைத்த சிகிச்சை), ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் உருவாக்கிய ஐ.பி.சி.டி. (ஒருங்கிணைந்த நடத்தைசார் தம்பதி சிகிச்சை), ஜான் காட்மன், ஜூலி காட்மன் தம்பதியின் காட்மன் முறை ஆகியவை அதிகம் காதில் விழும். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காட்மன் பயிற்சியின் முதல் நிலை இரண்டு நாள் பட்டறைதான். அதை மட்டும் முடித்தவரும் ‘காட்மன் பயிற்சி பெற்றவர்’ என்று சொல்லிக்கொள்ளக்கூடும். மூன்று நிலைகளையும் கடந்து, தன் அமர்வுகளின் பதிவுகளை மதிப்பீட்டுக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர் வேறு. எந்த நிலை என்று கேட்பதில் தப்பே இல்லை. இந்த அமைப்புகளின் இணையதளங்களில் ஊர் வாரியாகத் தேடும் வசதியும் இருக்கிறது.

‘ஒரே முறை என்று இல்லை, பலதையும் கலந்து செய்கிறேன்’ என்பவரை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் பிரச்சினையை இரண்டு வரியில் சொல்லி, ‘இதை எப்படித் தொடங்குவீர்கள்?’ என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் சரி. ‘முதலில் வாங்க, பார்த்துக்கலாம்’ என்பது பதில் இல்லை.

பெயர்கள் எங்கே கிடைக்கும்? குடும்ப மருத்துவரைக் கேளுங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஊழியர் நலத் திட்டம் இருந்தால் அதன் வழியாகவும் சில அமர்வுகள் கிடைக்கலாம். நான் அதிகம் நம்புவது இன்னொரு வழி. தனிநபர்களுக்குச் சிகிச்சை தரும் நல்ல உளவியலாளர் ஒருவரிடம், ‘தம்பதிகளை நீங்கள் யாரிடம் அனுப்புவீர்கள்?’ என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு யார் கை நல்ல கை என்று தெரியும்.

இரண்டு வருடமாக ஓர் ஆலோசகரிடம் நான் தனியாகப் போகிறேன். மிகவும் நல்லவர். கணவரையும் அவரிடமே கூட்டிக்கொண்டு போகலாமா?

வேண்டாம். இரண்டு வருடமாக உங்கள் பக்கத்துக் கதையை மட்டுமே கேட்டவர் அவர். எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், உங்கள் கணவர் உள்ளே வரும்போது ‘ஏற்கெனவே தீர்ப்பு எழுதின இடம்’ என்றுதான் நினைப்பார். தம்பதி ஆலோசனையில் சிகிச்சைக்கு வருவது உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் உறவு. அதற்குப் புது ஆளாகப் பாருங்கள். இப்போதைய ஆலோசகரிடம் தனியாகப் போவதைத் தொடரலாம். நீங்கள் சம்மதித்தால் இரண்டு ஆலோசகர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

முதல் நாள் என்ன கேட்பார்கள்? மூன்றாவது மனிதர் முன்னால் சண்டை போட்டு அசிங்கப்பட்டுவிடுவோமோ என்று என் மனைவி பயப்படுகிறார்.

பெரும்பாலும் எப்படிச் சந்தித்தீர்கள், எது பிடித்துச் சேர்ந்தீர்கள் என்பதில் தொடங்குவார்கள். பிறகு இப்போது என்ன உறுத்துகிறது என்று இருவரிடமும் கேட்பார்கள். முதல் ஒன்றிரண்டு அமர்வுகளுக்குள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒருமுறை பார்ப்பது நல்ல வழக்கம்.

சண்டை வரும். வரட்டும், அதைப் பார்க்கத்தான் ஆலோசகர் உட்கார்ந்திருக்கிறார். என் அறையில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். கணவர் தொடங்குவார்: “இவள் எப்பவுமே இப்படித்தான்.” மனைவி அதற்குள், “நீங்க மட்டும் என்ன...” என்று எழும்பியிருப்பார். நான் கையைக் காட்டி நிறுத்துவேன். “எப்பவும் வேண்டாம். நேற்று ராத்திரி ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.” அவர் சொல்வார்: வேலை முடிந்து வந்தேன், ஏதோ கேட்டேன், அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அந்த நிமிஷம் உங்களுக்குள் என்ன ஓடியது?” என்று கேட்பேன். கொஞ்ச நேரம் பேச்சு வராது. பிறகு வரும்: “நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்னு தோணுச்சு.” மனைவி அதை முதல்முறையாகக் கேட்கிறார். வீட்டில் அது ‘அந்தப் போனைத் தூக்கிப் போடு’ என்ற கத்தலாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

உங்கள் மனைவியிடம் இதையும் சொல்லுங்கள். நாங்கள் அதிர்ந்துபோகிற அளவுக்குப் புதிதாக எதையும் நீங்கள் சொல்லிவிடப் போவதில்லை.

தனியாகப் பேசும்போது நான் சொல்வதை என் கணவரிடம் சொல்லிவிடுவார்களா? அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

அது ஆலோசகருக்கு ஆலோசகர் மாறும். சிலர் ‘ஒருவர் தனியாகச் சொல்வதை மற்றவரிடமிருந்து நான் மறைத்துவைக்க மாட்டேன்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள். சிலர் தனி அமர்வில் பேசியதை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். எதுவானாலும் முதல் நாளே எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அந்த விஷயத்தைச் சொல்ல வேண்டாம். மற்றபடி நீங்கள் பேசுவது வெளியாட்களுக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற சில நிலைகளில் மட்டும் தகவல் சொல்லும் கடமை ஆலோசகருக்கு இருக்கலாம். அந்த விதிவிலக்குகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கணவர் கோபம் வந்தால் கை ஓங்குவார். பிறகு அழுவார். இப்போது அவரே ‘கவுன்சலிங் போகலாம், எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார். போகலாமா?

அம்மா, இப்போதைக்கு இருவரும் சேர்ந்து போகாதீர்கள். காரணம் எளிது. அறைக்குள் நீங்கள் உண்மையைச் சொன்னால், அதற்கான விலையை வீட்டுக்குப் போய்க் கொடுக்க வேண்டியிருக்கும். பயந்து சொல்லாமல் விட்டால், ஆலோசகர் பொய்யான படத்தை வைத்து வேலை செய்வார். இரண்டாலும் உங்களுக்குத்தான் கெடுதல். தம்பதி ஆலோசனை இருவரிடமும் ‘உங்கள் பங்கு என்ன?’ என்று கேட்கிற இடம். அடிப்பதில் அடி வாங்குகிறவருக்குப் பங்கு கிடையாது.

அடி மட்டுமில்லை. போனைப் பிடுங்கிப் பார்ப்பது, கையில் காசு தராமல் வைப்பது, யாரோடும் பேச விடாதது, மிரட்டுவது, இவையும் சேர்த்தி. நீங்கள் தனியாக, குடும்ப வன்முறை பற்றித் தெரிந்த ஒருவரிடம் போங்கள். உங்கள் பகுதியில் இருக்கும் பெண்கள் உதவி எண்ணை அவர் பார்க்காத போனிலிருந்து கூப்பிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறையைக் கூப்பிடுங்கள். அவர் உண்மையிலேயே மாற விரும்பினால் தன் வன்முறைக்கென்று தனியாகச் சிகிச்சைக்குப் போகட்டும். நீங்கள் கூட உட்கார்ந்தால்தான் அது நடக்கும் என்பதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதுகாப்பைப் பற்றித் தனித்தனியாக ஒருமுறைகூடக் கேட்காமல் சிகிச்சையைத் தொடங்கும் ஆலோசகர், செய்ய வேண்டிய முதல் வேலையைச் செய்யவில்லை.

என் கணவர் வர மாட்டேன் என்கிறார். ‘பைத்தியமா எனக்கு?’ என்று கேட்கிறார். நான் மட்டும் போனால் பலன் உண்டா?

உண்டு. ஆனால் அவரைத் திருத்துவதற்காகப் போகாதீர்கள். ஒருவர் பதில் சொல்லும் விதம் மாறினாலே பல வீடுகளில் சண்டையின் போக்கு மாறிவிடும். இன்னொன்று, ‘உங்களுக்குப் பிரச்சினை, வாங்க’ என்று கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள். ‘நமக்குள் பேச்சு சரியாக வர மாட்டேன் என்கிறது. எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள். ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று பெயர்களைக் கையில் கொடுத்துவிட்டு, தேர்வை அவரிடம் விடுங்கள்.

என் மனைவி பிரிவது என்று பாதி முடிவு செய்துவிட்டாள். எனக்குப் பிரிய விருப்பமில்லை. இனி ஆலோசனைக்குப் போய் என்ன பயன்?

ஒருவர் வாசலில் நிற்கும்போது வழக்கமான தம்பதி ஆலோசனை எடுபடாது. இந்த நிலைக்கென்றே டிசெர்ன்மென்ட் கவுன்சலிங் என்ற முறையை மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பில் டோஹர்ட்டி உருவாக்கியிருக்கிறார். அதிகபட்சம் ஐந்து அமர்வுகள். உறவைச் சரிசெய்வது அதன் வேலையில்லை. இப்படியே இருப்பதா, பிரிவதா, அல்லது பிரிவுப் பேச்சை ஆறு மாதம் ஒதுக்கிவைத்துவிட்டு முழு மனதோடு சிகிச்சை எடுத்துப் பார்ப்பதா என்று ஒரு தெளிவுக்கு வருவதுதான் வேலை. பெரும்பகுதி நேரம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார்கள். இந்த முறை தெரிந்தவர் உங்கள் பகுதியில் கிடைக்காவிட்டாலும், போனிலேயே ‘ஒருவர் பிரியலாம் என்று இருக்கிறார், ஒருவருக்கு விருப்பமில்லை’ என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவியை வற்புறுத்தாமல் எப்படித் தொடங்குவார் என்று கேளுங்கள்.

எங்கள் ஊர் சின்னது. இருக்கிற ஒரே ஆலோசகர் எங்களுக்குத் தெரிந்தவர். ஆன்லைனில் பார்க்கலாமா?

தாராளமாக. தெரிந்தவரிடம் போகவே போகாதீர்கள். ஆன்லைனில் இருவரும் ஒரே திரையில் தெரியும்படி உட்காருங்கள், குழந்தைகள் காதுக்கு எட்டாத நேரமாகப் பாருங்கள். சண்டை வரும்போது எந்த மொழியில் பேசுவீர்களோ அந்த மொழி தெரிந்தவரைத் தேடவும் இது நல்ல வாய்ப்பு. வேறு நாட்டில் அல்லது மாநிலத்தில் இருப்பவர் என்றால், நீங்கள் இருக்கும் இடத்தில் சிகிச்சை தர அவருடைய உரிமம் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?

வருமானத்துக்கு ஏற்பக் குறைப்பார்களா என்று கேளுங்கள், பலர் செய்கிறார்கள். பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்களில் மாணவர்கள், மூத்தவர்களின் மேற்பார்வையில், குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். மாணவர்தானே என்று தயங்காதீர்கள். உங்கள் விஷயத்தை அனுபவமுள்ள இன்னொருவரும் கவனித்துக்கொண்டிருப்பார்.

நான்கு அமர்வு முடிந்துவிட்டது. ஒன்றும் மாறவில்லை. ஆலோசகர் என் மனைவியின் பக்கமே பேசுகிறார் என்று தோன்றுகிறது. பெண் என்பதால் இருக்குமோ? விட்டுவிடலாமா?

பெண் என்பதால் என்று சொல்ல மாட்டேன். இருவரையும் சமமாகப் பிடித்து நிறுத்தத் தெரியாத ஆலோசகர்கள் ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. ஒரு வாரம் உங்களை அதிகம் கேள்வி கேட்டால், அடுத்த வாரம் அவரைக் கேட்பார். அதைச் சாய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வாரமும் உங்களை மட்டுமே கேட்கிறார் என்றால், அதை ஆலோசகரிடமே, மனைவி இருக்கும்போதே சொல்லுங்கள்: ‘இங்கே என் பக்கம் யாரும் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.’ நல்ல ஆலோசகர் அதைக் கேட்டதும் எங்கே அப்படித் தோன்றியது என்று விசாரிப்பார், போக்கை மாற்றிக்கொள்வார். மழுப்பினாலோ, ‘அது உங்கள் பிரச்சினை’ என்றாலோ, ஆளை மாற்றுங்கள்.

நான்கு அமர்வு என்பது குறைவு. இ.எஃப்.டி. பொதுவாக 8 முதல் 20 அமர்வுகள் வரை போகும். ஐ.பி.சி.டி.யை உருவாக்கிய கிறிஸ்டென்சனின் குழு, நெடுநாளாகக் கடுமையான பிணக்கில் இருந்த 134 தம்பதிகளுக்கு அதிகபட்சம் 26 அமர்வுகள் கொடுத்து, ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்தது. ஐந்தாம் வருட முடிவில் ஏறக்குறைய பாதிப் பேர் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறியிருந்தார்கள். கால்வாசிக்குச் சற்று அதிகமானவர்கள் பிரிந்திருந்தார்கள். உத்தரவாதம் தருகிறவரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

‘மாற்றம்’ என்று எதை எதிர்பார்க்கிறீர்கள் என்றும் பாருங்கள். தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் 69 சதவீதம் தீராமல் தொடர்கிறவை என்பது காட்மனின் கணக்கு. ஆகவே, சண்டையே இல்லாமல் போனதா என்று பார்க்காதீர்கள். சண்டைக்குப் பிறகு முன்பு மூன்று நாள் பேசாமல் இருந்தவர்கள் இப்போது அன்றைக்கே பேசுகிறீர்களா, இளக்காரமான பேச்சு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏழெட்டு அமர்வுக்குப் பிறகும் அதுகூட இல்லை என்றால், ‘நம் குறிக்கோள் என்ன, எங்கே நிற்கிறோம்?’ என்று ஆலோசகரிடம் ஓர் அமர்வு முழுக்கப் பேசுங்கள். அதற்கும் தெளிவான பதில் இல்லையென்றால் வேறொருவரின் பெயரை அவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். போகும்போது, இதுவரை நடந்ததைப் பற்றி ஒரு சுருக்கக் குறிப்பையும் கேளுங்கள். புது ஆலோசகரிடம் கதையை முதலிலிருந்து சொல்லும் அலுப்பு குறையும்.